படிக்கட்டையும் சேர்த்து எடுங்கள்

திங்கட்கிழமை காலை எந்த மாவட்டத்துக் கலெக்டர் ஆபீஸுக்குப் போனாலும் குறைதீர்க் கூட்டம் இருக்கும். பத்திரிகைக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களை முதலில் அனுப்பிவைக்கிற இடமும் அநேகமாக அதுதான். பஸ் டிக்கெட்டைத் தவிரச் செலவில்லை. ஏதாவது ஒரு படம் கட்டாயம் கிடைக்கும். போனவர்களில் பலர் ஒரே படத்தோடு திரும்புவார்கள். கால்கள் செயலிழந்த ஒருவர் கைகளை ஊன்றித் தரையில் தவழ்ந்து வருகிறார். பல்லுக்கிடையில் மடித்த மனு. சுற்றிலும் மற்றவர்களின் செருப்புக் கால்கள். மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் அது பெரிதாக வரும். கீழே ‘தவழ்ந்து வந்து மனு கொடுத்த மாற்றுத்திறனாளி’ என்று ஒரு வரி.

‘இந்தப் படம் தப்பா சார்?’ என்று விஸ்காம் மாணவர்கள் கேட்கிறார்கள். டீயைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து பேசவேண்டிய கேள்வி. தப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், அடுத்த திங்கட்கிழமை வம்பே வேண்டாம் என்று அந்த மனிதரை விட்டுவிட்டுக் கேமராவை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அது முதல் படத்தைவிட மோசம். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

எடுத்தவர் நின்றுகொண்டு எடுத்திருக்கிறார். ஐந்தடி உயரத்திலிருந்து கீழே பார்த்து எடுத்தால் ஆள் சிறுத்துப்போவார், தரை பெருகிவிடும். அவர் அண்ணாந்து பார்ப்பதால், படத்தைப் பார்க்கிற நம்மிடமே கையேந்துவதுபோல் ஆகிவிடும். அவர் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. கலெக்டரிடம் மனு கொடுக்க வந்த குடிமகன் அவர். இந்த ஒரு கோளாறைச் சரிசெய்ய அறநெறிப் பாடம் எதுவும் வேண்டாம்; தரையில் உட்கார்ந்தால் போதும். பேன்ட் அழுக்காகும், ஆகட்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் மட்டம் ஏறக்குறைய நாலடி. அவரை எடுக்க முழங்காலை மடக்கினால் சரியாக இருக்கும்.

அடுத்தது லென்ஸ். மாணவர்கள் கையில் பெரும்பாலும் கேமராவோடு வருகிற 18–55 லென்ஸ்தான் இருக்கும். அதை 18-இல் வைத்துக்கொண்டு நெருங்கிப் போனால், லென்ஸுக்கு அருகில் எது இருக்கிறதோ அது ஊதிப் பெருக்கும். அருகில் இருப்பது மெலிந்த கால் என்றால் படம் முழுக்கக் கால்தான். முகம் பின்னால் எங்கோ புள்ளியாகிவிடும். இரண்டு எட்டுப் பின்னால் போய் 50 பக்கம் திருகிக்கொண்டால் கால் காலளவிலும் முகம் முகமளவிலும் நிற்கும்.

இதெல்லாம் கைவேலை, ஒரு மாலையில் பழகிவிடலாம். பழகச் சிரமமானது வேறொன்று: பொத்தானை அழுத்தும் முன் அவரிடம் பேசுவது. ‘அண்ணே, எந்த ஊர்? என்ன மனு?’ அவ்வளவுதான். அவர் கால் சம்பந்தமாக வந்திருக்கிறார் என்று நாமாக முடிவுகட்டியிருப்போம். அவரோ பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்டதைச் சொல்ல வந்திருக்கலாம், பட்டா பெயர்மாற்றத்துக்கு வந்திருக்கலாம். அப்படியென்றால் செய்தி பட்டாதான். தவழ்ந்ததைத் தலைப்பாக்கினால் அவர் வந்த காரியத்தை நாமே அமுக்கிவிட்டோம் என்று ஆகும்.

சரி, தவழ்ந்து வந்ததே செய்தி என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு கேள்வி எழவேண்டும்: ஏன் தவழ்ந்தார்? ஃபிரேமுக்கு வெளியே அதற்கான பதில் நிற்கிறது. அது படிக்கட்டு. சாய்தளம் கட்டாத வாசல், அல்லது கட்டிவிட்டு அதன்மேல் வரிசையாக நிறுத்திய பைக்குகள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. புதிய சட்டம் அதை 21 வகைகளாக விரித்தது. அதன் 45-ஆவது பிரிவு, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் ஐந்தாண்டுக்குள் எல்லோரும் வந்துபோகும்படி மாற்றவேண்டும் என்கிறது. விதிகள் அறிவிக்கப்பட்டது 2017 ஜூனில். கெடு 2022-இல் முடிந்துவிட்டது. படிக்கட்டும் ஃபிரேமுக்குள் வந்தால், அந்தப் படம் சட்டம் நடைமுறைக்கு வராததற்குச் சாட்சியாகிவிடும். படிக்கட்டை வெட்டிவிட்டால், யாருமே பொறுப்பில்லாத ஒரு துயரக் காட்சி மட்டும் மிஞ்சும். வாசகர் ‘ஐயோ பாவம்’ என்றுவிட்டு ராசிபலனுக்குப் போய்விடுவார். கலெக்டருக்கும் பொதுப்பணித் துறைக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

தவழ்வதே இழிவு, அதைக் காட்டவே கூடாது என்று நினைக்கிறவர்களுக்கு வாஷிங்டனில் 1990 மார்ச் 12 அன்று நடந்ததைச் சொல்வேன். மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இழுத்தடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. சுமார் 60 போராட்டக்காரர்கள் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்படிகளில் ஊர்ந்து ஏறினார்கள். எட்டு வயதுச் சிறுமி ஜெனிஃபர் கீலனும் ஏறினாள். குழந்தை ஊர்வதைப் பார்த்தால் மக்கள் பரிதாபப்படுவார்களே, நாம் கேட்பது பரிதாபம் அல்லவே என்று இயக்கத்துக்குள்ளேயே சிலருக்குத் தயக்கம் இருந்தது. நியாயமான தயக்கம்தான். ஆனாலும் இயக்கத்தோடு நெடுங்காலம் நடந்த டாம் ஓலின் போன்றவர்கள் எடுத்த அந்த நாளின் படங்களில் பரிதாபம் ஒட்டவில்லை. ஊர்வது என்று முடிவெடுத்தவர்கள் ஊர்ந்தவர்களே. எங்கே, எப்போது, யார் முன்னால் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். ஒவ்வொரு படத்திலும் படிக்கட்டு இருந்தது. அதே ஆண்டு ஜூலை 26 அன்று சட்டம் கையெழுத்தானது.

நம் கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் சிலர் வேண்டுமென்றே தவழ்கிறார்கள். பத்துத் தடவை மனு கொடுத்தும் பலிக்காதபோது, பத்திரிகைக்காரர்கள் வருகிற நாளாகப் பார்த்து அப்படி வருகிறார்கள். அதுவும் போராட்டம்தான். கேட்டால் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் அதையும் எழுதுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ‘பாவமா காட்டக்கூடாதுன்னா, வீல்சேரையே காட்டாம எடுத்துரலாமா?’ என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல மனசோடு கேட்ட கேள்விதான். அமெரிக்க அதிபராக 1933 முதல் 1945 வரை இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921-இல் வந்த நோயால் கால்கள் முடங்கின. அத்தனை ஆண்டு அதிபராக இருந்தவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் படங்கள் மிகமிகச் சில. அப்படி எடுக்கக்கூடாது என்பது பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கும் வெள்ளை மாளிகைக்கும் இடையில் இருந்த ஏற்பாடு. மீறியவர்களைப் பாதுகாவலர்கள் தடுத்தார்கள். 1997-இல் வாஷிங்டனில் அவருக்கு நினைவிடம் திறந்தபோதுகூடப் பெரிய சிலையில் நாற்காலியை நீண்ட மேலங்கி மூடியிருந்தது. மாற்றுத்திறனாளிகள் சண்டை போட்டார்கள், நிதி திரட்டினார்கள், 2001-இல் சக்கர நாற்காலியில் அமர்ந்த சிலை ஒன்று சேர்ந்தது. மறைப்பதை மரியாதை என்று மற்றவர்கள் நினைத்தார்கள், சம்பந்தப்பட்டவர்கள் அப்படி நினைக்கவில்லை. சக்கர நாற்காலியும் கேலிப்பரும் வெண்கோலும் அவரவர் வாழ்க்கைச் சாமான்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி நாம் யாரையும் எடுப்பதில்லை. இவற்றையும் அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். அதே காரணத்தால், படம் அழுத்தமாக வரும் என்று செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்வதும் கூடாது. அப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள். அனுமதி பற்றிப் பேசவேண்டும், அது கொஞ்சம் நீளும்.

புகைப்பட வகுப்புகளில் தவறாமல் காட்டப்படும் படம் ஒன்று உண்டு. 1971 டிசம்பரில் ஜப்பானின் மினமாட்டாவில் யூஜீன் ஸ்மித் எடுத்தது. குளியல் தொட்டிக்குள் ஒரு தாய் தன் மகளைக் கைகளில் தாங்கி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மகள் டொமோகோ உவெமுராவுக்கு அப்போது 15 வயது. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவில் இருந்த பாதரசம் மீனுக்குள் போய், மீனைத் தின்ற தாய் வழியாகக் கருவிலேயே டொமோகோவைத் தாக்கியது. அவரால் நடக்கவோ பேசவோ முடியாது. மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாக வெளியே தெரிந்தது 1956-இல். ஆலை அந்தக் கழிவைக் கொட்டுவதை நிறுத்தியது 1968-இல். இடையில் பன்னிரண்டு ஆண்டு. ஸ்மித்தும் அவர் மனைவி அய்லீனும் அந்த ஊரிலேயே வீடெடுத்துத் தங்கி மூன்றாண்டு வேலை செய்தார்கள். இந்தப் படத்தையும் தாயிடம் பேசி, அவர் ஒப்புதலோடுதான் எடுத்தார் ஸ்மித். வந்தோம், எடுத்தோம், போனோம் என்ற ரகம் கிடையாது. இன்றைக்கு நாம் சொல்லித்தரும் நல்ல பழக்கங்களில் பெரும்பாலானவை அவரிடம் இருந்தன.

1972 ஜூனில் லைஃப் இதழில் படம் வந்தது. பாதரச நஞ்சு என்றால் என்ன என்று உலகம் அந்த ஒரு படத்தில் புரிந்துகொண்டது. 1973 மார்ச்சில் நீதிமன்றம் ஆலைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மாணவர்களுக்குக் கதை வழக்கமாக இங்கே முடிந்துவிடும். பிறகு நடந்ததைத்தான் சொல்லவேண்டும்.

படம் புகழ்பெற்ற பின் அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். படத்தை வைத்துக் காசு பார்க்கிறார்கள் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியது. 1977-இல் டொமோகோ 21 வயதில் இறந்தார். அதற்குப் பிறகும் படம் புத்தகங்களிலும் கண்காட்சிகளிலும் சுவரொட்டிகளிலும் வந்தபடி இருந்தது. பெற்றோருக்கு ஒரு கட்டத்தில் போதும் என்றாகிவிட்டது. மகளை இனியாவது நிம்மதியாக விடவேண்டும் என்று விரும்பினார்கள். ஸ்மித் 1978-இல் இறந்திருந்தார்; படத்தின் உரிமை அய்லீனிடம் இருந்தது. 1998-இல் அவர், அந்தப் படத்தை வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். பின்னர் பல ஆண்டுகள் அது புதிதாக எங்கும் வெளியிடப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற செய்திப் படங்களில் ஒன்றை, உரிமை வைத்திருந்த அய்லீனே திரும்ப எடுத்து வைத்தார்.

இதில் நான் ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை என்று தோன்றலாம். சொல்கிறேன். அந்தப் படம் எடுக்கப்பட்டதால் உலகத்துக்கு நன்மை நடந்தது. அய்லீன் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் சரி. ஆனால் இன்றைக்கு ஒரு மாணவர், சம்மதம் சொல்ல இயலாத 15 வயதுப் பெண்ணைக் குளியலறையில் எடுத்த படத்தோடு வந்தால், வெளியிடாதே என்பேன். தாய் சம்மதித்தார் என்பது உண்மை. டொமோகோவிடம் யாரும் கேட்டிருக்க முடியாது என்பதும் உண்மை. இன்றைய நிலையில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. 1998-இல் அய்லீன் செய்ததை இப்போது யாராலும் செய்ய முடியாது. வாட்ஸ்அப்பில் போன படத்தைத் திரும்ப வாங்க எந்த வீட்டுக்கு ஆள் அனுப்புவது?

அதனால் அனுமதியை ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். ‘போட்டோ எடுத்துக்கட்டுமா?’ என்றால் பாதிப்பேர் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். வகுப்பில் மட்டும் காட்டலாமா, பேப்பரில் வரலாமா, இன்ஸ்டாகிராமில் போடலாமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்குச் சரி என்றவர் இன்னொன்றுக்கு வேண்டாம் என்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பார், வேலைக்கு மனுப் போட்டிருப்பார், சொந்தக்காரர்களுக்குத் தெரியவேண்டாம் என்று நினைப்பார். காரணம் கேட்க நமக்கு உரிமையில்லை. எடுத்த பிறகு கேமராவின் பின்திரையில் காட்டுங்கள். ‘இது வேண்டாம்’ என்றால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள்.

அறிவுசார் குறைபாடு உள்ளவரிடமும் கேட்கத்தான் வேண்டும். சின்னச் சின்ன வாக்கியமாக, முன்பு எடுத்த ஒரு படத்தைக் காட்டி, ‘இதுமாதிரி உங்களை எடுப்பேன், நிறையப் பேர் பார்ப்பார்கள்’ என்று சொன்னால் பலருக்குப் புரியும். பெற்றோரிடமும் கேளுங்கள். அம்மா சரி என்று சொல்லி, பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால், பதில் பிள்ளையுடையது.

இல்லங்களில் இது இன்னும் சிக்கலாகும். நிர்வாகி அன்பாகச் சொல்வார்: ‘தாராளமா எடுத்துக்கோங்க தம்பி, நாலு பேருக்குத் தெரிஞ்சா நன்கொடை வரும்.’ அவர் தந்தது வாசலுக்குள் நுழையும் அனுமதி மட்டுமே. உள்ளே இருப்பவருக்குச் சோறும் படுக்கையும் தருகிற ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது, அவரால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட முடியுமா? தனியாகக் கேளுங்கள். இங்கே சட்டமும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவின்படி, மனநல நிலையத்தில் சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக்கூடாது. அவருடைய சம்மதம் என்றுதான் சட்டம் சொல்கிறது. காப்பாளருடையது என்று சொல்லவில்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆதரவின்றி இல்லத்தில் இருக்கும் மாற்றுத்திறன் குழந்தையும் அந்தப் பட்டியலில் வருகிறார். கல்லூரி அசைன்மென்ட் என்று சொல்லித் தப்ப முடியாது.

ஏர்வாடியைச் சொல்லியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட முடியாமல் இறந்தார்கள். இன்றைய மாணவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அப்படிப்பட்ட இடம் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் படமெடுக்காமல் வருவது தொழிலுக்குத் துரோகம். சங்கிலியைக் காட்டாமல் ஏர்வாடியைச் சொல்ல முடியாது. முகத்தைக் காட்டாமல் சொல்ல முடியும். கணுக்கால், பூட்டு, சுவரில் அடித்த வளையம், ஒரு சாவிக்கொத்து. இவை போதும். பிறகு முகத்தை மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று எடுக்காதீர்கள். எடுத்த கோப்பு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியாது.

இனி நடைமுறைக்கு வருவோம். பார்வையற்றவரை அவருக்குத் தெரியாமல் எடுப்பது உலகிலேயே எளிதான காரியம். பால் ஸ்ட்ராண்ட் 1916-இல் நியூயார்க் தெருவில் எடுத்த பார்வையற்ற பெண்ணின் படம் வரலாற்றுப் புத்தகம் தோறும் இருக்கிறது. கழுத்தில் ‘குருடு’ என்று எழுதிய அட்டை தொங்கும். அந்தக் காலத்தில் ஸ்ட்ராண்ட் கேமராவின் பக்கவாட்டில் பொய் லென்ஸ் ஒன்றைப் பொருத்திக்கொண்டு, வேறெங்கோ எடுப்பதுபோல் பாவனை செய்து மக்களை எடுத்தார். அந்தப் பெண் விஷயத்தில் அந்தத் தந்திரம்கூடத் தேவைப்பட்டிருக்காது. படம் அபாரமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் பெயர் நமக்குத் தெரியாது என்பதுதான் உறுத்துகிறது.

ஆகவே முதலில் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். எங்கே நிற்கிறீர்கள், ஃபிரேமில் என்ன வருகிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். இப்போதைய கேமராக்களில் ஓசையில்லாத ஷட்டர் இருக்கிறது. அதை அணைத்துவிட்டு ‘கிளிக்’ கேட்கும்படி வையுங்கள். எப்போது எடுக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியவேண்டும். கேமராவைக் கையில் கொடுத்தால் அவரே எடுத்துப் பார்க்க விரும்பலாம். மும்பையில் பார்த்தோ பௌமிக் 2006-இல் தொடங்கிய முயற்சியில் பார்வையற்றவர்கள் புகைப்படம் கற்றுக்கொண்டு கண்காட்சியே வைத்திருக்கிறார்கள்.

சைகை மொழியில் பேசுபவரை எடுக்கும்போது இரு கைகளும் முகமும் ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும். அந்த மொழியில் முகபாவமும் இலக்கணம். கைகள் வெளியே போய்விட்டால் அவர் பேசிக்கொண்டிருந்தார் என்பதே படத்தில் இல்லை. ஷட்டர் வேகம் 1/250-க்குக் கீழே போகவேண்டாம். அவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். கேள்வி கேட்கும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேளுங்கள்.

மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் படங்களில் நடக்கும் அநியாயம் ஒன்றைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. அவர்களில் சிலருடைய முகமும் கைகளும் தாமாக அசைந்துகொண்டே இருக்கும். நேரில் பார்க்கும் நமக்கு அது ஓட்டமாகத் தெரிகிறது. சிரிக்கிறார், யோசிக்கிறார், கிண்டலடிக்கிறார் என்று புரிகிறது. கேமராவோ நொடிக்குப் பத்துப் படம் எடுத்து, இரண்டு அசைவுக்கு நடுவில் இருக்கும் கோணிய முகத்தைப் பிடித்துவைக்கும். அந்த முகம் அவருடைய வீட்டில் யாரும் பார்த்திராத முகம். இருநூறு படங்களில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் யோக்கியதை தெரியும். அவரையே உட்காரவைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நல்ல வழி. தொழில் தர்மம் கெட்டுவிடும் என்று சில மூத்தவர்கள் கோபிப்பார்கள். அமைச்சர் கொட்டாவி விடுகிற படத்தை ஒதுக்கிவிட்டுச் சிரிக்கிற படத்தைப் போடும்போது இந்த தர்மம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபிளாஷ் அடிக்கும் முன் கேளுங்கள்; வலிப்பு உள்ள சிலருக்கும் ஆட்டிசம் உள்ள பலருக்கும் அது தொல்லை. சக்கர நாற்காலியில் பையை மாட்டாதீர்கள், சாய்ந்து நிற்காதீர்கள், வெளிச்சத்துக்காக அதை நீங்களே நகர்த்தாதீர்கள். பார்த்தால் தெரியாத குறைபாடுகளும் பல இருக்கின்றன. அப்படிப்பட்டவரை எடுக்கப்போய் ‘அடையாளம்’ தேடாதீர்கள்.

பரிதாபப் படத்துக்கு மாற்றாக நம் பத்திரிகைகள் கண்டுபிடித்த இன்னொரு படம் உண்டு. சாதனைப் படம். ‘சாதிக்க ஊனம் ஒரு தடையல்ல’ என்ற தலைப்பை எத்தனை தடவை படித்திருப்போம்! ஆஸ்திரேலியாவின் நகைச்சுவைக் கலைஞரும் பத்திரிகையாளருமான ஸ்டெல்லா யங், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், 2014-இல் சிட்னியில் ஓர் உரையில் இதைப் போட்டு உடைத்தார். அவருக்குப் பதினைந்து வயது இருந்தபோது ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, சாதனையாளர் விருதுக்கு அவர் பெயரைப் பரிந்துரைக்கப் போவதாகச் சொன்னாராம். பெற்றோர் குழம்பிப்போனார்கள்: பெண் அப்படி எதையும் சாதிக்கவில்லையே! பள்ளிக்கூடம் போனாள், டிவி பார்த்தாள். பின்னாளில் அவர் ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவன் கையைத் தூக்கி, உங்கள் உரையை எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டானாம். சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் ஊக்கமூட்டும் சொற்பொழிவு ஆற்றத்தான் வருவார் என்று அவனுக்குப் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதில் நம் படங்களுக்கும் பங்கு உண்டு.

உண்மையான சாதனையை எடுப்பது எப்படி? சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். மூன்று போட்டிகளில் மூன்று பதக்கம். அவர் தோற்கடித்தது தன் காலை என்று எழுதுகிறவர்கள், எதிரில் போட்டியிட்ட உலக வீரர்களை அவமதிக்கிறார்கள். உயரம் தாண்டுபவரின் படத்தில் இருக்கவேண்டியது கம்பி, உடல், அந்தரம். எந்த உயரம் தாண்டுபவரை எடுத்தாலும் அப்படித்தானே எடுப்போம்?

பரிதாபமும் சாதனையும் இல்லாத வெளி மிகப் பெரியது, அங்கே படம் எடுக்க ஆள் இல்லை. கடன்காரரோடு சண்டை போடுகிறவர், டீக்கடையில் அரசியல் பேசுகிறவர், பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற அம்மா. சில நேரம் மனிதரே இல்லாமலும் படம் பேசும். மெரினாவில் சக்கர நாற்காலியில் கடல்வரை போக மரப்பாதை ஒன்றை 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. முதல் நாளில் அலை நுரையைத் தொட்டுச் சிரித்த முகங்கள் ஒரு படம். பெயர்ந்து கிடந்த பலகைகள் இன்னொரு படம். இரண்டாவதில் யாரையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. செய்தி குறையவும் இல்லை.

படக்குறிப்பையும் நீங்களே எழுதுங்கள், டெஸ்க்கிடம் விட்டுவிடாதீர்கள். பெயர், ஊர், வந்த காரியம். குறைபாடு செய்திக்குத் தேவை என்றால் மட்டும் அது. ‘வீல்சேரில் முடங்கிய’ என்று ஓர் எழுத்துப் பழக்கம் இருக்கிறது. வீல்சேர் வந்த பிறகுதான் அவர் வெளியே வரவே தொடங்கினார் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம், ‘ஆங்க் மிச்சோலி’ என்ற இந்திப் படம் தொடர்பான வழக்கில், காட்சி ஊடகங்கள் மாற்றுத்திறனாளிகளை எப்படிக் காட்டவேண்டும் என்று வழிகாட்டியது. இழிவுபடுத்தும் சொற்களும், ‘பாதிக்கப்பட்ட’, ‘அவதிப்படும்’ என்ற பாணியில் குறையைத் தனிமனிதர் தலையில் ஏற்றிச் சமூகத் தடையை மறைக்கும் சொற்களும் வேண்டாம் என்றது. அவர்களைக் கலக்காமல் அவர்களைப் பற்றி எதையும் உருவாக்க வேண்டாம் என்றும் சொன்னது. சினிமாவுக்குச் சொன்னதுதான். புகைப்படத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

படம் வெளியானதும் ஒரு பிரதியை அவருக்கு அனுப்புங்கள். பேப்பர் கட்டிங்காக இருந்தாலும் போதும். இணையத்தில் ஏற்றினால், பார்வையற்றவர்களின் செல்போன் படித்துக்காட்டும்படி படத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். ஆண்டு இறுதியில் உங்கள் துறையில் கண்காட்சி வைப்பீர்கள். அதை மாடியில் வைக்காதீர்கள். தரைத்தளத்தில் சாய்தளமுள்ள கூடத்தைக் கேளுங்கள், இல்லையென்றால் முதல்வரிடம் மனுக் கொடுங்கள். படங்களை நாலடி உயரத்தில் மாட்டுங்கள். அழைப்பிதழை முதலில் படத்தில் இருப்பவர்களுக்கு அனுப்புங்கள்.